சுவிட்ச் இல்லாத ஃபேன்

லூசியா எதையும் எண்ணாமல் விடமாட்டாள்.

டப்பாவில் எத்தனை பிஸ்கட் இருந்தது, பெட்டியில் எத்தனை பென்சில் இருந்தது, தன் தட்டில் எத்தனை இட்லி விழுந்தது, தம்பி தட்டில் எத்தனை விழுந்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுடைய தோழி வெண்ணிலா கூட்டேரிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் பள்ளிக்கு வருவாள். வரும்போது தங்கள் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்து ஒரு பொட்டலம் கொண்டுவருவாள். அதைக்கூட லூசியா பெஞ்சின் மேல் கொட்டி, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எண்ணித்தான் பிரிப்பாள்.

"நான் இன்னா உன்ன ஏமாத்தவா போறேன்?" என்று வெண்ணிலா சிரிப்பாள்.

"யாரு கண்டா?" என்பாள் லூசியா.

இது போதாதென்று அவளிடம் ஒரு நோட்டும் இருந்தது. அட்டையில் 'கணக்கு' என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு கணக்கும் இருக்காது. 'அழிரப்பரைக் காணோம். சந்தேகம்: ஜெனித்.' 'முறுக்கு இரண்டு குறைகிறது. சந்தேகம்: ஜெனித்.' இப்படியே போகும். ஜெனித் இரண்டாம் வகுப்பு படிக்கும் அவளுடைய தம்பி. பாதி நேரம் அவள் சந்தேகம் சரியாகவே இருந்துவிடும். அதுதான் வினை.

இந்தக் கதை நடந்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம். அந்த வருஷத்து மின்வெட்டை நினைத்தால் திண்டிவனத்துக்காரர்களுக்கு இப்போதும் வியர்க்கும். இரண்டு மணி நேரம் கரண்ட் இருந்தால், அடுத்த இரண்டு மணி நேரம் இருக்காது. லூசியாவின் அம்மா அமல்ராணி வீட்டிலேயே துணி தைப்பவர். காலால் மிதிக்கிற மெஷின், அதனால் கரண்ட் போனாலும் தையல் நிற்காது. ஆனால் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகத் துணிமேல் விழும். ஒரு முறை கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் விழுந்து கறையாகிவிட்டது. அன்று அம்மா சாப்பிடவே இல்லை.

"அம்மாவுக்கு ஒரு ஃபேன் செய்யணும்டி" என்றாள் லூசியா. "பேட்டரியில ஓடறது. மெஷின் பலகை மேல வெக்கிற மாதிரி."

வெண்ணிலா யோசித்தாள். "செய்யலாம். ஆனா உங்க அம்மா நிமிஷத்துக்கு ஒரு தபா எழுந்து போவாங்களே! நிறுத்த மறந்துட்டா பேட்டரி தீந்துடும்."

அதுவும் சரிதான். அளவெடுக்க, உலையைப் பார்க்க, ஜெனித்தைத் தேடிப் பிடிக்க என்று அம்மா எழுந்துகொண்டே இருப்பார். அப்படியானால் ஆள் உட்கார்ந்தால் ஓட வேண்டும், எழுந்தால் நிற்க வேண்டும். அந்த ஃபேனுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும்.

புத்தி பள்ளி நூலகத்தில் கிடைத்தது. அங்கே ஒரு பழைய அறிவியல் புத்தகத்தில், இருட்டானதும் தானாக எரியும் தெருவிளக்கு செய்வது எப்படி என்று படம் போட்டிருந்தது.

"லைட்டுக்குப் பதிலா மோட்டார் வெச்சா?" என்றாள் லூசியா.

"இருட்டானா ஃபேன் சுத்தும். அது யாருக்கு வேணும்?"

"அம்மா குனிஞ்சா அவங்க நிழல் விழும் இல்ல? நிழலும் ஒரு இருட்டுதானே!"

வெண்ணிலா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பாராட்டினால் அவள் அப்படித்தான் செய்வாள்.

லூசியாவின் அப்பா தொம்மை, பொம்மையார்பாளையத்தில் ஒரு கடற்கரை விடுதியில் சமையல் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அவருடைய பாடாத டேப் ரெக்கார்டரிலிருந்து மோட்டார் வந்தது. பெயின்ட் டப்பா மூடியை வெட்டி இறக்கைகள் செய்தார்கள். விரல் படாமல் இருக்க, உடைந்த கொசு பேட்டின் வலையை முன்னாலும் பின்னாலும் கட்டினார்கள். மணல் நிரப்பிய பால்பவுடர் டப்பா ஒன்று அதைத் தாங்கி நின்றது. டப்பா மூடியின் மேல், பட்டாணி அளவில் ஒரு சின்னப் பொருள் இருந்தது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று கண்டுபிடிப்பது அதுதான். அதற்கு அவர்கள் 'கண்' என்று பெயர் வைத்தார்கள். கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன் வயர்களையெல்லாம் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார்.

பேட்டரி மட்டும் வெண்ணிலாவுடையது. அவள் வீட்டு எமர்ஜென்சி லைட்டிலிருந்து, அம்மாவிடம் கேட்டுக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இருக்கறதுல நல்லதா பாத்து எடுத்துக்கினு வந்தேன். நாலஞ்சு மணி நேரம் ஓடும்" என்றாள்.

எல்லாம் முடிகிற நேரத்தில் வெண்ணிலா டேப் ரெக்கார்டரின் வயிற்றுக்குள் விரலைவிட்டு ஒரு சின்னக் கறுப்பு சுவிட்சை எடுத்தாள். "இதையும் வெச்சிடலாம்டி."

"சுவிட்சா? இது ஸ்மார்ட் ஃபேன்டி! தானா ஓடும், தானா நிக்கும். இதுக்குப் போய் எதுக்கு சுவிட்ச்?"

"ஒரு அவசரத்துக்குன்னு..."

"ஒரு அவசரமும் வராது" என்று சொல்லி, லூசியா அந்தச் சுவிட்சை அம்மாவின் பட்டன் டப்பாவுக்குள் வீசினாள்.

ஃபேன் ஓடியது! அம்மா மெஷினில் குனிந்தால் கிர்ரென்று சுற்றும். எழுந்தால் நின்றுவிடும். அம்மா வேண்டுமென்றே நான்கைந்து முறை எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார். இரவில் பேட்டரியின் வயரைப் பிடுங்கிச் சார்ஜில் போட்டால், மறுநாள் முழுக்கத் தாங்கியது. இரண்டு வாரம் இப்படி ஓடியது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அத்தைகூட ஜாக்கெட் கேட்கும் சாக்கில் வந்து உட்கார்ந்து, "இன்னா ஜிலுஜிலுன்னு காத்து!" என்று கழுத்தை நீட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, லூசியா பள்ளிவிட்டு வந்தபோது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் ஃபேனு ஓடலடி. காலைல நல்லாத்தான் ஓடுச்சு. கோயிலுக்குப் போய்ட்டு வந்து குந்துனேன், அசைய மாட்டேங்குது."

அது தவக்காலம். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரமே இருந்தது. கோயிலில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதற்கான உடுப்புகளை அம்மாதான் கோயிலிலேயே அளவெடுத்துத் தைக்க வேண்டும். அதனால் அந்த வாரம் முழுக்க, காலை பதினோரு மணிக்குக் கோயிலுக்குப் போனால் மூன்றரை மணிக்குத்தான் வருவார்.

லூசியா பேட்டரியைப் பார்த்தாள். துளி சார்ஜ் இல்லை. இரவு முழுக்க ஏற்றினாள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. காலையில் ஓட்டம், சாயங்காலம் பிணம் மாதிரி கிடந்தது.

லூசியா நோட்டை எடுத்தாள். 'ஃபேனின் சார்ஜ் மத்தியானம் காணாமல் போகிறது. சந்தேகம்:' என்று எழுதியதும் கை தானாக 'ஜெனித்' என்று முடித்தது. அவன் பள்ளி மூன்று மணிக்கே விட்டுவிடும். சாவி வைக்கும் இடம் அவனுக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்?

புதன்கிழமை காலை அவள் அம்மா துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸைப் பொடி செய்து, ஃபேன் டப்பா மேல் தெரியாத அளவுக்குத் தூவினாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "ஜெனித், கையக் காட்டு!" என்றாள்.

ஜெனித் நீட்டினான். கையில் மாங்காய் இருந்தது, மிளகாய்த்தூள் இருந்தது, மண் இருந்தது. நீலம் மட்டும் இல்லை.

அம்மாவின் விரல்களில் நீலம் இருந்தது. ஆனால் அம்மாவின் விரல்களில் என்றைக்குத்தான் நீலம் இல்லாமல் இருந்தது? தையல் சாக்பீஸ் பொடியைத் தூவி, தையல்காரர் வீட்டில் திருடன் பிடிக்கப் போனோமே என்று லூசியாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அடுத்து கோவிந்தம்மாள் அத்தை. வியாழக்கிழமை லூசியா ஒரு கறுப்பு நூலை எடுத்து, அம்மாவிடம் கெஞ்சினாள். "நீ கோயிலுக்குப் போறப்போ கதவப் பூட்டிட்டு இந்த நூல நாதாங்கியில கட்டிட்டுப் போம்மா. ஏன்னு கேக்காத."

"உன்னோட ஒரே பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே அம்மா கட்டிவிட்டுப் போனார். மூன்றரைக்கு வந்தபோது நூல் கட்டியது கட்டியபடி இருந்தது. ஆனால் சார்ஜ் போயிருந்தது.

ஆகவே யாரும் உள்ளே வரவில்லை. யாரும் தொடவும் இல்லை. அப்படியானால் குற்றம் பேட்டரியில்தான்.

இந்த இடத்தில் லூசியாவுக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. போன சனிக்கிழமை வெண்ணிலா வீட்டுக்கு வந்து, பேட்டரி வயர் லூசாக இருக்கிறது என்று முடுக்கிக் கொடுத்தாள். அப்போது லூசியா டீத்தூள் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பத்து நிமிஷம் வெண்ணிலாவும் ஃபேனும் மட்டும் தனியாக இருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை.

'சே, வெண்ணிலாவாவது!' என்று நோட்டை மூடிவிட்டாள்.

மூடிய நோட்டை வெள்ளிக்கிழமை வெண்ணிலாவே திறந்துவிட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க வீட்டு எமர்ஜென்சி லைட்டு இப்ப சூப்பரா எரியுதுடி. செல்வகுமார் அண்ணன் பத்தாவது பரீட்சைக்கு அதுலதான் படிக்குது."

லூசியாவின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. நல்ல பேட்டரி இங்கே இருக்கும்போது அங்கே எப்படிச் சூப்பராக எரியும்?

"வெண்ணிலா" என்றாள். "சனிக்கிழம நான் கடைக்குப் போனப்ப... நீ பேட்டரிய மாத்திட்டியா?"

"இன்னாது?"

"நல்லத எடுத்துக்கினு பழச வெச்சிட்டியான்னு கேட்டேன்."

வகுப்பில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. வெண்ணிலாவின் முகம் முதலில் சிரிக்கத்தான் பார்த்தது. லூசியா விளையாடவில்லை என்று தெரிந்ததும் உதடு கோணிக்கொண்டது.

"நான் திருடின்றியா?"

"அப்பிடி சொல்லல. ஒரு சந்தேகம்..."

"உன் சந்தேகத்த நீயே வெச்சுக்கோ. திங்கக்கிழம என் பேட்டரிய எடுத்துக்கினு வந்து குடுத்துடு. அதுக்கப்புறம் என்கூட பேசவே பேசாத."

அன்று மல்லாட்டைப் பொட்டலம் பிரியவே இல்லை. வெண்ணிலா அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு, கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது லூசியாவுக்கு அழுகை முட்டியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள். காய்ச்சல் என்றால் வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுப்பவள். அவள் இல்லாத பெஞ்சில் எப்படி உட்காருவது? ஆனால் நோட்டு என்று ஒன்று இருக்கிறதே. அதைத் திறந்து, 'சந்தேகம்: வெ' என்று எழுதினாள். பேனா அதற்கு மேல் போக மறுத்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பழைய பேட்டரி என்றால் காலையிலும் சரியாக ஓடக்கூடாது இல்லையா? காலையில் ஜோராகத்தானே ஓடுகிறது? மத்தியானம் மட்டும் என்ன ஆகிறது? யாரும் பார்க்காத அந்த நேரத்தை ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. "நான் லைப்ரரிக்குப் போறேம்மா" என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாக வந்து துணி வெட்டும் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். மேஜை மேலிருந்து சேலைகள் தொங்கின. நல்ல மறைவு.

மறைவில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தான்.

"நீ இங்க இன்னாடா பண்ற?" என்று கிசுகிசுத்தாள்.

"திருடனப் புடிக்கப் போறேன்" என்றான் ஜெனித். "தினம் என்னையே சந்தேகப்படற இல்ல? நான் புடிச்சுக் காட்றேன் பாரு." அவன் மடியில் ஒரு பொரிப் பொட்டலம் வேறு. திருடன் வரத் தாமதமானால் என்ன செய்வது?

பதினோரு மணிக்கு அம்மா தையலை நிறுத்தி எழுந்தார். ஃபேன் நின்றது. அம்மா அதைத் தூக்கி, ஜன்னல் பக்கத்துச் சுவரில் இருந்த மாதா அலமாரியில் வைத்தார். அங்கே மாதா சுரூபத்தின் மேல் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின இரண்டு வாரம் அவர்கள் பங்குக் கோயிலில் சுரூபங்களை எல்லாம் இப்படி மூடிவைப்பார்கள். அந்தத் துணியை அம்மாதான் தைத்துக் கொடுத்திருந்தார். மிச்சம் விழுந்ததை வீட்டு மாதாவுக்கும் போர்த்தியிருந்தார். இப்போது அந்தத் துணியின் நுனியை இழுத்து ஃபேனையும் சேர்த்து மூடிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

லூசியா கதவையே பார்த்தாள். ஜெனித் ஜன்னலைப் பார்த்தான். யாரும் வரவில்லை.

அரை மணி நேரம் போனது. பொரி தீர்ந்தது. கிழக்கு ஜன்னல் வழியாக அலமாரி மேல் அடித்துக்கொண்டிருந்த வெயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, சுவரில் நழுவி, தரைக்கு வந்தது. ஜெனித் கொட்டாவி விட்டான்.

அப்போது ஜன்னலில் ஒரு நிழல். ஒரு கை கம்பியைப் பிடித்தது. லூசியா ஜெனித்தின் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"அமல்ராணி! யம்மா அமல்ராணி! என் ஜாக்கெட்டு இன்னா ஆச்சு?" கோவிந்தம்மாள் அத்தையின் குரல். "வீட்ல யாரும் இல்லியா?"

கிர்ர்ர்ர்.

அலமாரியிலிருந்து சத்தம் வந்தது. ஊதாத் துணி மெல்ல உப்பியது, பிறகு தணிந்தது, மறுபடியும் உப்பியது. உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரியே இருந்தது.

"அடி ஆத்தா!" என்று அலறினார் கோவிந்தம்மாள் அத்தை. "மாதா மூச்சு வுடறாங்கடி!" என்று படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, வா ஓடிடலாம்" என்று ஜெனித் லூசியாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். லூசியாவுக்கும் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கிர்ர் அவளுக்குத் தெரிந்த கிர்ர். தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்லுவாள். மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முக்காலி போட்டு ஏறி, துணியின் நுனியைத் தூக்கினாள்.

ஃபேன் நின்றது.

துணியை விட்டாள். கிர்ர். தூக்கினாள். நின்றது.

லூசியா முக்காலி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் நேராக அடித்தவரைக்கும் துணியைத் தாண்டி வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. வெயில் நகர்ந்ததும் உள்ளே இருட்டு. கண் என்ன நினைக்கும்? யாரோ குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கும். அம்மாவுக்குக் காற்று வீசுவதாக எண்ணிக்கொண்டு, சார்ஜ் தீரும்வரை மாதாவுக்கு வீசிக்கொண்டிருந்திருக்கிறது பாவம். துணி போர்த்தியதும் போன சனிக்கிழமைதான். திங்கட்கிழமை முதல் என்ன மாறியது என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் வீட்டு அலமாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஃபேன்தான் அத்த! பயப்படாதீங்க" என்று ஜன்னல் பக்கம் சொன்னாள்.

"ஃபேனாவது ஒண்ணாவது. நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அத்தை தெருவில் நடையைக் கட்டினார். இந்தச் சேதி எத்தனை வீட்டுக்குப் போகப்போகிறதோ!

மூன்றரை மணிக்கு வந்த அம்மா விஷயத்தைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான்தான்டி போத்துனேன். நான் வர்றதுக்கு முன்னாடி ஜெனித்து வந்துட்டா, கண்ல பட்டதும் கைய வெப்பானேன்னுதான்..."

"நீயுமாம்மா?" என்றான் ஜெனித். "எல்லாரும் என்னையே சந்தேகப்படுங்க!" அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. லூசியா தன் பங்கு முறுக்கை எடுத்து அவன் கையில் வைத்தாள். எத்தனை என்று பார்க்கவில்லை.

அது சரி, அவனை முறுக்கு கொடுத்துச் சமாளித்துவிடலாம். வெண்ணிலாவை?

வகுப்பே பார்க்கத் திருடியா என்று கேட்டாயிற்று. உண்மையில் தப்பு எங்கே தொடங்கியது? ஒரு சுவிட்ச் இருந்திருந்தால், அம்மா எழுந்து போகும்போது அணைத்துவிட்டுப் போயிருப்பார். வைக்கச் சொன்னவள் வெண்ணிலா. வேண்டாம் என்று வீசியவள் லூசியா. நோட்டைத் திறந்து, பாதியில் நின்ற 'வெ'யை அடித்துவிட்டு, 'லூசியா' என்று எழுதினாள். சந்தேகம் என்ற சொல்லையும் அடித்தாள். இதில் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் பட்டன் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். வெள்ளை, சிவப்பு, தங்க நிறம் என்று நூற்றுக்கணக்கில் பட்டன்கள். கொக்கிகள், உடைந்த ஜிப்புகள். ஜெனித்தும் சேர்ந்து தேடினான். கடைசியில் அவன்தான் கண்டுபிடித்தான். சின்னக் கறுப்பு சுவிட்ச்.

திங்கட்கிழமை காலை கூட்டேரிப்பட்டு பஸ் வரும் நிறுத்தத்தில் லூசியா நின்றாள். வெண்ணிலா இறங்கினாள். கூடவே வகுப்புப் பெண்கள் நாலு பேரும் இறங்கினார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று லூசியாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் பழி போட்டது தனியாக இல்லையே.

"எல்லாரும் கேளுங்கடி" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "வெள்ளிக்கிழம நான் வெண்ணிலாவ சொன்னது தப்பு. அவ பேட்டரிய மாத்தல. அது நல்ல பேட்டரி. தப்பெல்லாம் என்னுது."

பையிலிருந்து பேட்டரியை எடுத்து நீட்டினாள். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றியது.

வெண்ணிலா வாங்கிக்கொண்டாள். அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எங்க அப்பா அண்ணனுக்குன்னு புது பேட்டரி வாங்கினு வந்தாரு. அதான் லைட்டு நல்லா எரியுது. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்குள் போய்விட்டாள்.

அன்று முழுக்க லூசியா ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். கணக்கு வகுப்பில் ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டதற்கு, "சுவிட்ச்" என்று பதில் சொல்லிவிட்டாள். கடைசிப் பெஞ்சிலிருந்து யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் வந்தது. யாரென்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. பையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே வெண்ணிலா.

"அப்போ சார்ஜ யாருதான் தின்னது?" என்று உம்மென்று கேட்டாள். "காலைலேருந்து மண்ட காயுது. அதச் சொல்லிட்டு அப்புறம் பேசாம இரு."

லூசியா சொன்னாள். சாக்பீஸ் பொடி, நூல், மேஜைக்கு அடியில் பொரி, ஊதாத் துணி எல்லாவற்றையும் சொன்னாள். கோவிந்தம்மாள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்ட இடம் வந்ததும் வெண்ணிலாவின் உம் உடைந்துபோயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள்.

"சுவிட்ச் வெச்சிருந்தா?"

"வெச்சிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது" என்றாள் லூசியா. கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் கறுப்பு சுவிட்ச், காலையிலிருந்து பிடித்துப் பிடித்து வியர்த்துப் போயிருந்தது. "நீதான் வெக்கணும். எனக்கு அதுக்குத் தகுதி இல்ல."

"டயலாக்கெல்லாம் வேணாம்" என்றாள் வெண்ணிலா. "ஜல்தி வா. அஞ்சரை பஸ்ஸ நான் புடிக்கணும்."

வீட்டில் அவள் வயரை வெட்டி, சுவிட்சை நடுவில் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, பால்பவுடர் டப்பாவின் பக்கத்தில் ஒட்டினாள். பையிலிருந்து அதே பேட்டரியை எடுத்து மாட்டினாள். பிறகு ஃபேனை மாதாவுக்குப் பக்கத்தில் வைத்துத் துணியால் மூடினாள். கிர்ர் என்றது. துணிக்குள் கையைவிட்டுச் சுவிட்சை அழுத்தினாள். துணி அசையாமல் தொங்கியது.

ஜன்னலுக்கு வெளியே கோவிந்தம்மாள் அத்தை, கூட இன்னும் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னிக்கு ஏன் மூச்சு வுடல?" என்று கேட்டார், ஏமாற்றத்தோடு.

அம்மா மெஷினில் உட்கார்ந்தார். ஃபேன் பலகைக்கு வந்தது, சுவிட்ச் போட்டாயிற்று. அம்மா குனிந்ததும் காற்று வீசியது. "பேட்டரி உங்க வீட்டுக்கு வேணாமாம்மா?" என்று கேட்டார் அம்மா.

"இருக்கட்டும் அத்த. அங்க புதுசு இருக்குது" என்றாள் வெண்ணிலா. பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்துத் தரையில் பிரித்தாள். அவித்த மல்லாட்டை, இன்னும் ஈரம் காயாமல் குவியலாக விழுந்தது. "உம், எண்ணு" என்றாள், லூசியாவைப் பார்த்து.

லூசியா குவியலின் நடுவில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி வெண்ணிலாவின் மடியில் போட்டாள். இன்னொரு பிடி அள்ளி ஜெனித்துக்குக் கொடுத்தாள். மிச்சம் எவ்வளவோ, அதை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.